மலையோடை லோச்சுகளின் இனப்பெருக்கம்: வீட்டுத் தொட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியட்நாமின் நடுப்பகுதி மலைகளில், பாறைகளின் மேல் விரைந்து பாயும் ஓடைகளில் வாழும் செவெல்லியா லினியோலாட்டா என்னும் மீன், நம் ஊர் மீன் கடைகளில் ‘பட்டர்ஃபிளை லோச்’ என்றோ, இன்னும் அலட்சியமாகச் ‘சின்ன சக்கர்’ என்றோ விற்கப்படுகிறது. சக்கர் மீன் வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி வகை. இதுவோ அயிரைக்குத் தூரத்துச் சொந்தமான லோச் வகை. ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் வளரும் இந்த மீன், தட்டையாக விரிந்த துடுப்புகளையும் வயிற்றையும் சேர்த்து அழுத்திக் கல்லைப் பற்றிக்கொள்கிறது. மலையோடை லோச்சுகளில் வீட்டுத் தொட்டிகளில் அதிகம் குஞ்சு பொரித்திருப்பது இதுதான் என்பதால், இங்கே சொல்பவை பெரும்பாலும் இதைப் பற்றியவை.

முதல் தவறு வாங்கும்போதே நிகழ்கிறது. தென் சீனத்து பியூஃபோர்ஷியா, போர்னியோ தீவின் காஸ்ட்ரோமைசான் என்னும் வேறு மலையோடை லோச்சுகளும் செவெல்லியாவும் கடையில் ஒரே தொட்டியில், ஒரே பெயரில் கிடக்கும். அழகாக இருக்கிறதே என்று ஆளுக்கொன்றாகப் பொறுக்கி வந்தால், எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் இணை சேராது. ஒரே இனத்தில் ஆறு மீன்களாவது வாங்க வேண்டும். ஆண், பெண் இரண்டும் இருக்கின்றனவா என்று மேலிருந்து பார்த்துத் தேர வேண்டும். ஆணின் தலைக்கும் முன் துடுப்புக்கும் இடையே தோள்பட்டை போல ஒரு வெட்டு தெரியும். பெண்ணின் உடல்விளிம்போ மூக்கிலிருந்து துடுப்பு வரை வளைவாக இழைந்து செல்லும், உடலும் சற்று அகன்றிருக்கும். கண்ணாடிக்கு முன்னால் நின்று பக்கவாட்டில் பார்த்தால் இந்த வேறுபாடு புலப்படாது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும், பவானி ஆற்றின் பெயரைத் தாங்கிய பவானியா போன்ற உறவினங்கள் உண்டு. அவற்றைக் காட்டோடையிலிருந்து பிடித்து வந்து வளர்க்கலாமே என்று நினைப்பதும் தவறுதான், காப்புக்காட்டில் அது குற்றமும்கூட.

வெப்பத்தைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ‘வெப்பமண்டல மீன்தானே’ என்று ஹீட்டர் போடுபவர்களும் இருக்கிறார்கள். செவெல்லியாவுக்கு 20 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை உகந்தது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடுகிறது, அதே நேரத்தில் மீனின் தேவையோ கூடுகிறது. ஊட்டியிலும் பெங்களூரிலும் இருப்பவர்களுக்கு இது பெரிய சிக்கல் இல்லை. சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர், நீர்ப்பரப்பின் மேல் வீசும் சிறு மின்விசிறியால் சில டிகிரி குறைக்கலாம். சித்திரை வெயிலில் அது போதாது, நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வேண்டும், அல்லது குளிரூட்டிய அறை வேண்டும். ஐஸ்கட்டியைப் போட்டுக் குளிர்விப்பது, காலைக்கும் மாலைக்கும் இடையே வெப்பத்தை ஏற்றி இறக்கி, மீனை இன்னும் தளரச் செய்யும்.

நீரோட்டத்தை அமைப்பதிலும் பிழை நேர்வதுண்டு. 100 லிட்டர் தொட்டிக்கு மணிக்கு 1000 லிட்டருக்குக் குறையாமல் நீரைத் தள்ளும் பம்ப் வைத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடையைப் போலச் சீராக ஓடவிட வேண்டும். உருண்டைக் கற்களை அடுக்கி, அவற்றின் பின்னால் ஒதுங்க இடம் தராவிட்டால், குஞ்சுகளுக்கு ஓட்டம் தணிந்த இடம் இருக்காது. மின்சாரம் நின்றால் பம்பும் நின்றுவிடும் என்பதால், பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும்.

என் கணிப்பில், குஞ்சுகளை அதிகம் கொல்வது சூடோ நோயோ அல்ல, வளர்ப்பவரின் சுத்தம். இந்த மீன்கள் முட்டையை இலையிலோ கண்ணாடியிலோ ஒட்டிவைப்பதில்லை; அது சரளையின் இடுக்குகளில் விழுந்து மறைகிறது, தாயும் தந்தையும் காவல் இருப்பதில்லை. வாராவாரம் சைஃபன் குழாயைச் சரளைக்குள் ஆழச் செருகி அழுக்கை உறிஞ்சுபவர், முட்டை இருந்ததென்றே அறியாமல் அதையும் சேர்த்து வாளியில் கொட்டிவிடுகிறார். ஒரு முறை நான் வடிகட்டியின் ஸ்பாஞ்சைக் கழற்றி, தொட்டி நீர் நிறைத்த வெள்ளை வாளியில் பிழிந்தேன். கலங்கல் அடங்கியதும் வாளியின் உட்சுவரில், பப்பாளி விதை அளவில் கறுப்பாக ஏதோ நகர்ந்தது. கண்ணை அருகில் கொண்டுபோனபோது, விசிறியைப் போல விரிந்த துடுப்புகளும் குறுக்குக் கோடுகளும் தெரிந்தன. அதற்கு முன் எத்தனை ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசினேன் என்று எண்ணிப் பார்க்கவே மனம் வரவில்லை. ஆகவே வடிகட்டியின் உறிஞ்சுமுனைக்கு ஸ்பாஞ்சுக் கவசம் போடுங்கள், அதையும் தொட்டி நீரிலேயே வாளியில் அலசி, வாளியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்த பிறகு கொட்டுங்கள். சரளையின் மேற்பரப்பை மட்டும் மேலோட்டமாக உறிஞ்சினால் போதும்; நீரோட்டம் சரியாக இருந்தால் அழுக்கு பெரும்பாலும் ஓரிடத்தில் ஒதுங்கிவிடும்.

இதே சுத்தம்தான் குஞ்சின் உணவையும் அழிக்கிறது. கல்லின் மேல் படியும் வழுவழுப்பான படலத்தில் பாசியும் பாக்டீரியாவும் நுண்ணுயிரிகளும் சேர்ந்திருக்கின்றன. குஞ்சு மேய்வது அதைத்தான். முன்கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு, மற்ற மூன்று பக்கங்களையும் பாசி படர விட்டுவிட வேண்டும். மொட்டை மாடியில் வெயில் படும் இடத்தில் ஒரு தட்டு நீரில் கூழாங்கற்களைப் போட்டு வைத்தால் சில நாளில் பச்சை பிடிக்கும். அவற்றைத் தொட்டியில் உள்ள கற்களோடு மாற்றி மாற்றி வைக்கலாம். குஞ்சைக் கண்டதும் ‘பெரியவை தின்றுவிடும்’ என்று பயந்து புதிய, பளபளப்பான தொட்டிக்கு மாற்றுவது அதைப் பட்டினி போடுவதற்குச் சமம். பெரிய செவெல்லியாக்கள் குஞ்சுகளைப் பொதுவாகச் சீண்டுவதில்லை. சீண்டுபவை, உடன் வளர்க்கும் சிச்லிட், பார்ப் போன்ற மீன்கள்தான். இனப்பெருக்கத் தொட்டியில் அவற்றுக்கு இடமே தரக் கூடாது.

பெரியவற்றுக்கோ பாசி மட்டும் போதாது. பாசி மாத்திரையை மட்டும் போட்டு வந்தால் பெண்ணுக்கு முட்டை திரளாது. உறைந்த இரத்தப்புழு, டாஃப்னியா, ஆர்ட்டீமியா போன்ற சிறு நீர்வாழ் உயிரிகளை வாரத்தில் இரண்டு மூன்று முறை கொடுக்க வேண்டும். சற்றுக் குளிர்ந்த, குளோரின் நீக்கிய நீரால் தொட்டியில் கால்வாசியை மாற்றிய மறுநாள் ஆண்கள் பெண்ணைச் சுற்றத் தொடங்குவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். இரண்டு மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தள்ளுவதையெல்லாம் இணைசேர்க்கை என்று எண்ணிவிட வேண்டாம்; அது பெரும்பாலும் நல்ல கல்லுக்கான எல்லைச் சண்டை, காயமும் ஏற்படுவதில்லை.

வெள்ளைப்புள்ளி நோய் வந்தால், செம்பு கலந்த மருந்தைக் கைக்கு வந்த அளவில் ஊற்றுவது லோச்சுகளுக்கு ஆபத்து. புதிய மீன்களை மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகு சேர்த்தால், அந்த மருந்தைத் தொட வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. குஞ்சுகளை யாருக்கேனும் கொடுப்பதாக இருந்தால், 2 சென்டிமீட்டராவது வளர்ந்து, பெரியவற்றோடு சேர்ந்து உறைந்த உணவைத் தின்னப் பழகிய பிறகு கொடுங்கள். பிடிக்கும்போது வலையால் கல்லிலிருந்து சுரண்டாமல், அது ஒட்டியிருக்கும் கல்லையே மெல்லத் தூக்கி வாளியில் வைத்துவிட்டால், தானாகவே இறங்கி வாளிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.