பழைய சின்ன ஃப்ளாட்டை இருவருக்காகப் புதுப்பித்தல்: வாங்குவது கடைசியில், இடம் குறிப்பது முதலில்

முப்பது நாற்பது வருடப் பழைய ஃப்ளாட்டில் வேலை தொடங்கினால் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்: மேஸ்திரி உடைக்க ஆரம்பித்துவிடுவார், எலக்ட்ரீஷியன் வந்து "பாயின்ட் எங்கே வேணும்?" என்பார், அப்போதுதான் கட்டில் எந்தச் சுவரோரம் வரும் என்ற யோசனையே எழும். மரச்சாமானைக் கடைசியில் வாங்குங்கள். ஆனால் அது நிற்கப்போகும் இடத்தை, உளி சுவரில் படுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். சுவிட்ச், பிளக், விளக்கு, குழாய் எல்லாம் அந்த முடிவைப் பொறுத்தவை.

தரையிலேயே வரையுங்கள்

காலி வீட்டின் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி, கட்டில், அலமாரி, மேஜை எல்லாவற்றையும் உண்மையான அளவில் வரையுங்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் அதற்குள் நடந்து பாருங்கள். ஒருவர் அலமாரி முன் நிற்கும்போது மற்றவர் பின்னால் போக முடிகிறதா? தனியாக ஒருவர் நடக்க 60 செ.மீ. போதும், நிற்பவரைத் தாண்டி இன்னொருவர் போக 90 செ.மீ. வேண்டும்.

உதாரணத்துக்கு 3 மீட்டருக்கு 3 மீட்டர் படுக்கையறை. 150 x 190 செ.மீ. கட்டிலைத் தலைமாடு சுவரோரமாக, நடுவில் போட்டால் இரண்டு பக்கமும் 75 செ.மீ. கிடைக்கும்; ஒருவர் மேல் ஒருவர் ஏறி இறங்க வேண்டியதில்லை. கால்மாட்டில் 110 செ.மீ. மிஞ்சும். அங்கே 60 செ.மீ. ஆழ அலமாரி வைத்தால் நடைக்கு 50 செ.மீ.தான் இருக்கும். 45 செ.மீ. கதவு திறக்கும், ஆனால் அதன் முன் ஆள் நிற்க முடியாது. ஆகவே அங்கே நகர்த்தும் கதவுதான் சரி. அலமாரியின் ஆழத்தைக் குறைத்து இடம் பிடிக்க நினைக்காதீர்கள்: ஹேங்கரில் தொங்கும் உடைக்கு உள்ளளவு 55 செ.மீ. வேண்டும். மடித்து வைக்கிற துணிக்கு மட்டும் என்றால் 45 போதும்.

பழைய சுவர்கள் நேராக இருக்காது. ஒவ்வொரு சுவரையும் தரையோரம், இடுப்பளவு, மேலே என மூன்று இடத்தில் அளந்து, குறைவான அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். அறையின் இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லையென்றால் மூலைகள் செங்கோணம் இல்லை என்று அர்த்தம். சுவரோடு சுவர் பொருந்தும் அலமாரிக்குப் பக்கத்தில் 3 முதல் 5 செ.மீ. இடைவெளி விட்டு, மாட்டும்போது அதில் மெல்லிய மரத்துண்டைச் சீவி அடைக்கச் சொல்லுங்கள். அப்படி விடாவிட்டால் செய்து கொண்டுவந்த பெட்டி உள்ளேயே போகாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது

பெயின்ட் உப்பி, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிற சுவரில் பட்டி பார்ப்பது வீண்செலவு. ஈரம் வெளியே வரும்போது கரைந்த உப்பையும் கொண்டுவரும். அது மேலே படிகமாகும்போது பட்டியைத் தள்ளி உதிர்த்துவிடும். முதலில் ஈரத்தின் மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு அந்த இடத்தில் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் இருந்தால் அறைக் காற்றின் ஈரம்தான் படிகிறது. அதற்குக் காற்றோட்டமே மருந்து.

கறையின் இடமும் விஷயத்தைச் சொல்லிவிடும். கூரையில் என்றால் மேல்வீட்டுக் குளியலறையையும், ஜன்னலைச் சுற்றி என்றால் வெளிச்சுவர் விரிசலையும் பாருங்கள். உங்கள் குளியலறைக்குப் பின்புறச் சுவரில் என்றால் கறை எப்போது நனைகிறது என்று கவனியுங்கள். எந்நேரமும் ஈரமாகவே இருந்தால் தண்ணீர் வரும் பைப்பில் கசிவு இருக்கலாம். குளித்த பிறகு மட்டும் நனைந்தால் சந்தேகம் தரையின் மீதும் கழிவுநீர்ப் பைப்பின் மீதும். கசிவை அடைத்த பின், கறையைத் தாண்டி 30 செ.மீ. வரை பழைய பூச்சைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகே புதுப்பூச்சு. சுவர் இப்படிக் காய வாரக்கணக்கில் ஆகும். அவசரப்படாதீர்கள்.

குளியலறை

வீட்டிலேயே அதிகக் கவனம் கேட்கும் இடம் இது. பழைய கட்டிடங்களில் பெரும்பாலும் ஸ்லாபைத் தாழ்வாகப் போட்டு, அந்தப் பள்ளத்தில் உடைசெங்கல்லை நிரப்பியிருப்பார்கள். வருடக்கணக்கில் தண்ணீரைக் குடித்து ஊறிக் கிடக்கும் அந்த நிரப்பை அப்படியே விட்டு மேலே புது டைல் ஒட்டினால், கீழ்வீட்டுக் கூரையில் கறை விழுவது நிற்கவே நிற்காது. முழுவதும் அள்ளி எடுத்து, அடி ஸ்லாபுக்கே நீர்க்காப்புப் பூச்சு போட வேண்டும். நிரப்பிய பிறகு மேலேயும் ஒரு முறை. தரையும் சுவரும் சேரும் மூலைகளிலும் பைப் நுழையும் இடங்களிலும் ஃபைபர் வலைப் பட்டை வைத்துப் பூசுங்கள். விரிசல் முதலில் விழுவது அங்கேதான். இரண்டு கோட், முதல் கோட் குறுக்கே என்றால் அடுத்தது நெடுக்கே. சுவரில் குறைந்தது 15 செ.மீ. உயரம் வரை, ஷவர் பக்கம் 1.8 மீட்டர் வரை ஏற்றுங்கள்.

டைல் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து, 2.5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் தேக்கி, மட்டத்தைச் சுவரில் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். சில மில்லிமீட்டர் குறைவது ஆவியாவதால் இருக்கலாம். அதற்கு மேல் இறங்கினாலோ கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரிந்தாலோ பூச்சை மீண்டும் போட வேண்டும். இந்தச் சோதனையை "தேவையில்லை" என்று சொல்லித் தவிர்க்கும் ஆளிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். தரைச் சரிவு மீட்டருக்கு 1 முதல் 1.25 செ.மீ. வடிகாலை நோக்கி இருக்கட்டும். ஒரு வாளி நீரை ஊற்றினாலே தேங்கும் இடம் தெரிந்துவிடும்.

இரும்புப் பைப்பு இருந்தால் சுவர் திறந்திருக்கும் இந்த நேரத்திலேயே மாற்றிவிடுங்கள். உள்ளே துரு படிந்துதான் நீர் மெதுவாக வருகிறது. தண்ணீர் திறக்கும் குழாயை மட்டும் மாற்றிப் பயனில்லை. வெந்நீருக்கு, சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்பான சி.பி.வி.சி., அதற்கென்று உள்ள பசையோடு. சாதாரண பி.வி.சி. பசையை அதில் தடவினால் மூட்டு பிடிக்காமல் கசியலாம். பூசி மூடுவதற்கு முன் பம்ப் வைத்து அழுத்தச் சோதனை செய்யுங்கள்.

ஒயரிங்கும் சுவர் உடைப்பும்

சுவரை எடுத்து இரண்டு அறையை ஒன்றாக்க ஆசை இருந்தால், தூண்கள் இல்லாத பழைய கட்டிடத்தில் 23 செ.மீ. சுவர்கள்தான் பெரும்பாலும் பாரம் தாங்குகின்றன என்பதை மறக்க வேண்டாம். மெல்லிய சுவரானாலும் கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் தொடாதீர்கள். ஒயருக்குச் சுவரில் காடி (நீளப் பள்ளம்) வெட்டும்போது செங்குத்தாக வெட்டினால் சுவர்த் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கான்கிரீட் தூணிலும் பீமிலும் காடியே கூடாது.

பழைய அலுமினிய ஒயரோடு புதுச் செம்பு ஒயரை முறுக்கி இணைப்பது ஆபத்து. மூட்டு தளர்ந்து சூடேறும். முழுவதும் மாற்றுவதே மேல்: விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., பெரிய பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4, இவற்றோடு எர்த் ஒயரும், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி.யும். படுக்கையறை விளக்குக்குக் கதவருகே ஒன்று, கட்டிலின் இரு பக்கமும் ஒவ்வொன்று என மூன்று இடத்தில் சுவிட்ச் வையுங்கள். படிக்கும் விளக்கு இருவருக்கும் தனித்தனியாக. ஒருவர் தூங்கும்போது மற்றவர் விழித்திருப்பது தினமும் நடப்பது. பூசி மூடும் முன் அளவு டேப்பைப் பிடித்தபடி ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது உயிரைக் காக்கும் படங்கள் அவை.

பெயின்ட்

கதவு, ஜன்னல்களில் உள்ள பழைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், நனைத்துத் தேய்த்து, துகளை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அப்போது வீட்டில் இருக்கக் கூடாது. கையால் தடவினால் மாவாக ஒட்டும் சுண்ணாம்பையோ டிஸ்டெம்பரையோ சுரண்டாமல் மேலே எமல்ஷன் அடித்தால் தோலாக உரிந்து வரும்.

அளவுக் கணக்கு: 3 x 3.5 மீட்டர் அறை, உயரம் 2.8. சுற்றளவு 13 மீட்டர், சுவர்ப்பரப்பு 36.4 சதுர மீட்டர். கதவு ஜன்னலைக் கழித்தால் சுமார் 33. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும் என்றால் இரண்டு கோட்டுக்கு ஆறரை லிட்டருக்குச் சற்று மேல். கடைசிக் கோட்டைத் தச்சு வேலை முடிந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள், அலமாரி மாட்டும்போது கீறல் விழாமல் இருக்காது.

சமையலறை, சாமான்

மேடையின் உயரம் முழங்கையிலிருந்து 10 முதல் 15 செ.மீ. கீழே. இருவரின் உயரம் வேறென்றால் குட்டையானவருக்கு ஏற்றபடி கட்டி, உயரமானவர் நறுக்க 4 செ.மீ. தடிப்புப் பலகை வைத்துக்கொள்ளலாம். உயர்த்திக் கட்டிய மேடையைக் குறைக்க வழியில்லை. இருவரும் சேர்ந்து சமைப்பதானால் நடுவழி 120 செ.மீ. இருப்பது நல்லது. சிங்க்கின் அடியில் பார்ட்டிகிள் போர்டு வேண்டாம், நீர் பட்டால் ஊதிவிடும். தண்ணீர் தாங்கும் ப்ளைவுட்டைப் போட்டு, 10 செ.மீ. கால் மேல் நிறுத்துங்கள்.

மேஸ்திரியிடம் பேசுவது இருவரில் ஒருவராகவே இருக்கட்டும். காலையில் ஒருவர் ஒன்றும் மாலையில் மற்றவர் வேறொன்றும் சொன்னால், மேஸ்திரி தனக்கு எளிதானதைச் செய்துவிடுவார். இருவரும் பேசி முடித்ததை எழுதி அனுப்புங்கள். பட்ஜெட்டில் 15 முதல் 20 சதவீதத்தை ஒதுக்கி வையுங்கள். பழைய சுவரை உடைத்தால் ஏதாவது ஒன்று வெளிவரும்.

சோபாவுக்குப் பணம் கட்டும் முன் வாசல், லிஃப்ட், படிக்கட்டுத் திருப்பம் மூன்றின் அகலத்தையும் அளந்து கையோடு எடுத்துப் போங்கள். டைலை 10 சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில் வாங்கி, மிச்சத்தைப் பரணில் போட்டு வையுங்கள். சில வருடம் கழித்து ஒரு டைல் உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது.