இறந்தவர் உடலுக்கு அவமதிப்பு நேர்ந்தால்: புகார் எழுதும் முறை

பிணவறையிலோ மயானத்திலோ உங்கள் வீட்டுப் பிரேதத்துக்கு அவமதிப்பு நேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். புகார் எழுத உட்கார்ந்தால் ‘என் அம்மாவை இப்படிச் செய்துவிட்டார்கள்’ என்றுதான் கை எழுதும். வழக்கறிஞராக நான் முதலில் மாற்றச் சொல்வது அந்த வரியைத்தான். காயம், பாலியல் வன்முறை போன்ற பிரிவுகள் எல்லாம் உயிரோடிருப்பவருக்கே. இறந்தவரைப் பாதிக்கப்பட்டவராகச் சட்டம் ஏற்பதில்லை. அதனால் புகார் உங்கள் பக்கத்திலிருந்து பேச வேண்டும்.

பிடிமானம், இந்திய தண்டனைச் சட்டத்துக்கு (இ.பி.கோ.) பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 301. பழைய இ.பி.கோ. 297தான் இது. சடலத்தை அவமதிப்பது, இடுகாட்டில் அத்துமீறுவது, ஈமச்சடங்கைக் குலைப்பது மூன்றும் இதில் வரும். ஆனால் மனம் புண்படுத்தும் நோக்கமோ, புண்படும் என்ற அறிவோ இருந்ததைக் காட்டியாக வேண்டும். யாருக்கும் தெரியாமல் செய்தவன் ‘யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை’ என்பான். எனவே நோக்கத்தை விட்டு, அறிவைப் பிடியுங்கள்: ‘உறவினர்கள் வெளியே காத்திருப்பது தெரிந்தும் இதைச் செய்தார்’ என்று நேரம், இடத்தோடு எழுதுங்கள்.

நகை காணவில்லையா? பிரிவு 315. இறக்கும்போது ஒருவர் வசமிருந்த பொருளைக் கையாடினால் 3 ஆண்டு வரை சிறை. போலீஸ் விசாரணை நடந்த மரணம் என்றால் பிரேத விசாரணை அறிக்கையின் நகல் கேளுங்கள். உடலில் இருந்த நகைகளை அதில் குறித்திருப்பார்கள். ‘இடது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி’ என்று அங்கே இருந்து, ஒப்படைப்பு ரசீதில் இல்லாமல் போனால் அந்த வித்தியாசமே உங்கள் சாட்சி. அதனால் ரசீதில் கையெழுத்துப் போடும் முன் துணியை விலக்கிப் பாருங்கள். அழுகையோடு அழுகையாகக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்; வீட்டில் நிதானமான ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள்.

சடலத்தின் மீது பாலியல் வன்கொடுமை நடந்திருந்தால், இதற்கென்று தனிப் பிரிவே கிடையாது. ஒரு பெண்ணைக் கொன்றபின் சடலத்தோடு உறவுகொண்ட வழக்கில், 2023இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கொலைத் தண்டனையை உறுதி செய்து, வல்லுறவுத் தண்டனையை ரத்து செய்தது. இயற்கைக்கு மாறான பாலுறவைக் குற்றமாக்கிய இ.பி.கோ. 377இல் சடலத்தையும் சேர்க்கலாம், அல்லது தனிப் பிரிவு கொண்டு வரலாம் என்று மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலோ 377க்கு இணையான பிரிவே இல்லை. இருந்த சின்னக் கதவையும் மூடிவிட்டார்கள். எனக்கு இது தாங்கவே முடியாத விஷயம். இப்போதைக்கு 301ஐ எழுதுங்கள். தடயத்தை மறைக்கும் வேலையும் நடந்திருந்தால் 238ஐச் சேருங்கள். கேமரா பதிவு அழிவதற்குள் அதைப் பாதுகாக்கச் சொல்லி அன்றே மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுங்கள்.

மயானத்தில் பட்டியலின, பழங்குடிக் குடும்பத்தைச் சாதியின் பேரால் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். 301ஐவிட அது வலுவானது. புகாரில் அதை முதலில் எழுதுங்கள்.

ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அப்புறம் மாஜிஸ்திரேட். ‘பேசித் தீர்க்கலாம்’ என்று இழுப்பார்கள், விடாதீர்கள். 301க்கு அதிகபட்சத் தண்டனையே ஓராண்டு என்பதால், நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்கும் காலவரம்பும் ஓராண்டுதான்.