கப்பல் பயணத்துக்குக் காகிதச் சீட்டிலிருந்து மின்சீட்டுக்கு மாறுவது எப்படி?

இருபது ஆண்டுகளுக்கு முன்பு சொகுசுக் கப்பலில் இடம் பதிவு செய்தவர்களுக்கு, புறப்படும் நாள் நெருங்கும்போது தடித்த உறை ஒன்று தபாலில் வந்து சேரும். காசோலைப் புத்தகம் போலத் தைத்த சீட்டுகள், பெட்டிகளில் கட்ட வேண்டிய வண்ண அட்டைகள், நிரப்பிக் கையொப்பமிட வேண்டிய படிவம், கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அச்சிட்ட ஒப்பந்த நிபந்தனைகள் எல்லாம் அதற்குள் இருக்கும். அந்த உறையைத் தொலைக்காமல் துறைமுகத்துக்குக் கொண்டுபோவதுதான் பயணியின் வேலை. மற்றதை முகவரும் கப்பல் நிறுவனமும் பார்த்துக்கொண்டார்கள். இன்று உறை வருவதில்லை. அதற்குள் இருந்த ஒவ்வொன்றும் பயணி தானே, அதுவும் குறிப்பிட்ட நாளுக்குள், செய்து முடிக்க வேண்டிய தனித்தனி வேலையாகிவிட்டது. அந்த வேலைகளை அவற்றுக்குரிய வரிசையில் செய்தால் மின்சீட்டில் சிரமம் எதுவும் இல்லை.

விமானத்தில் பழகியவர்கள் அதே பழக்கத்தைக் கப்பலுக்கும் கொண்டுவருவதுதான் முதல் தடுமாற்றம். உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா 2008 ஜூன் 1 முதல் காகிதச் சீட்டை முற்றிலும் நிறுத்தியது. அதனால் எந்த விமானத்தில் போனாலும் சீட்டின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கப்பல் நிறுவனங்களுக்கு இடையே அப்படிப்பட்ட பொது ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி இணையதளம், தனிச் செயலி, சீட்டுக்குத் தனிப் பெயர். ராயல் கரீபியன் அதை ‘செட்செயில் பாஸ்’ என்கிறது. பிரின்சஸ் நிறுவனமோ கையிலோ கழுத்திலோ அணிந்துகொள்ளும் நாணயம் அளவிலான ‘மெடாலியன்’ ஒன்றைத் தருகிறது. ஆகவே சென்ற முறை வேறொரு நிறுவனத்தில் செய்தது இந்த முறையும் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது.

ரசீது வேறு, போர்டிங் பாஸ் வேறு

பணம் கட்டியதும் மின்னஞ்சலில் வருவது பதிவை உறுதிசெய்யும் ஆவணம் மட்டுமே. அதில் பதிவு எண், கப்பலின் பெயர், கேபின் வகை, கட்டிய தொகை ஆகியவை இருக்கும். ஆனால் அதைக் காட்டிக் கப்பலில் ஏற முடியாது. இணையத்தில் செக்-இன் செய்து முடித்த பிறகு கிடைக்கும் பார்கோடு உள்ள போர்டிங் பாஸ்தான் துறைமுகத்தில் கேட்கப்படும். மூன்றாவதாக, கேபின் கதவைத் திறப்பதற்கும் கப்பலுக்குள் வாங்குவதைக் கணக்கில் எழுதுவதற்கும் உரிய அட்டை ஒன்று உண்டு; அதைக் கப்பலிலோ முனையத்திலோ தருவார்கள்.

என் பெரியப்பாவும் பெரியம்மாவும் சிங்கப்பூரில் கப்பல் ஏறப் போனபோது இந்த வேறுபாடு தெரியாமல் முனையத்தில் ஒரு மணி நேரம் தனி வரிசையில் நின்றார்கள். “முழுப் பணமும் கட்டின ரசீது இருக்குதே தம்பி, அப்புறம் என்ன?” என்று பெரியப்பா எனக்குத் தொலைபேசியில் கேட்டார். அவர்களுக்குப் பதிவு செய்து தந்த முகவர், பயணியின் மின்னஞ்சலுக்கு உரிய இடத்தில் தம் அலுவலக முகவரியைக் கொடுத்திருந்தார். செக்-இன் செய்யுமாறு கப்பல் நிறுவனம் அனுப்பிய நினைவூட்டல்கள் எல்லாம் அந்த அலுவலகப் பெட்டியில் கிடந்தன, அன்று ஞாயிற்றுக்கிழமை.

எனவே முகவர் வழியாகப் பதிவு செய்பவர்கள் முன்பணம் கட்டிய அன்றே இரண்டு செய்திகளைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, கப்பல் நிறுவனம் தரும் பதிவு எண். முகவரின் பில் எண் அதற்கு ஈடாகாது. மற்றொன்று, அந்தப் பதிவில் தங்கள் சொந்த மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் ஏற்றப்பட்டிருக்கின்றன என்ற உறுதி. முகவர் வழியாக வந்த பதிவில் கேபின் மாற்றம், ரத்து போன்றவற்றை நிறுவனங்கள் பெரும்பாலும் முகவர் மூலமாகவே செய்யச் சொல்லும் என்றாலும், செக்-இன் செய்ய அவர் தேவையில்லை; பதிவு எண்ணைக் கொண்டு பயணியே செய்துகொள்ளலாம்.

பெயரில் தொடங்கும் வம்பு

நிறுவனத்தின் செயலியில் கணக்குத் தொடங்கிப் பதிவு எண்ணை அதனுடன் இணைக்கும்போது குடும்பப் பெயர், பிறந்த நாள், கப்பல், புறப்படும் தேதி ஆகியவற்றைக் கேட்கும். நம்மவர்களில் பலர் சிக்கிக்கொள்வது குடும்பப் பெயரில்தான். தமிழ்நாட்டில் எடுத்த கடவுச்சீட்டுகள் பலவற்றில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கிறது. முழுப் பெயரும் இயற்பெயர்க் கட்டத்தில் இருக்கும். கப்பல் நிறுவனத்தின் படிவமோ அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. ஒரு முகவர் தந்தை பெயரை அங்கே போடுவார். இன்னொருவர் இயற்பெயரையே இரண்டு முறை போடுவார். வேறொருவர் தலைப்பெழுத்தை மட்டும் போட்டு முடித்துவிடுவார். கடவுச்சீட்டில் முருகேசன் சுப்பிரமணியன் என்றிருப்பவர் கப்பல் பதிவில் எஸ். முருகேசன் ஆகிவிட்டால், செயலி அவரது பதிவையே கண்டுபிடிக்காது. அவரும் செயலியில் கோளாறு என்று நினைத்து அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கப்பல் பதிவில் பெயர் எந்தெந்தக் கட்டத்தில் எப்படி ஏற்றப்பட்டிருக்கிறது என்பதை எழுத்துக்கு எழுத்து எழுதித் தருமாறு முகவரிடம் கேட்பதுதான் வழி. கடவுச்சீட்டில் உள்ள பெயரும், விசாவில் உள்ள பெயரும், விமானச் சீட்டில் உள்ள பெயரும் அதனுடன் ஒத்துப்போக வேண்டும். வேறுபாடு இருந்தால் உடனே திருத்தச் சொல்ல வேண்டும். எழுத்துப் பிழையைத் திருத்துவது தொடக்கத்தில் சிறிய வேலை. பயணிகள் பட்டியல் துறைமுகங்களுக்குப் போன பிறகு அதுவே பெரிய வேலையாகிவிடும்.

இவ்வளவு கறாராகப் பெயரைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. கப்பலில் இருப்பவர்களின் பட்டியலை அது தொடும் நாடுகளின் அதிகாரிகளிடம் நிறுவனம் முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும். கப்பலுக்கும் துறைமுகத்துக்கும் இடையிலான இத்தகைய தகவல் பரிமாற்றத்துக்கு மின்வழி ஏற்பாடு இருக்க வேண்டும் என்ற பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் விதி 2019 ஏப்ரல் 8 அன்று நடப்புக்கு வந்தது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல் என்றால், புறப்படுவதற்கு 60 நிமிடத்துக்கு முன்பே பட்டியல் போய்ச் சேர வேண்டும். வரிசையில் ஓடி வந்து கடைசி நிமிடத்தில் ஏறிக்கொள்ளும் வாய்ப்பு அதனாலேயே இல்லை.

செக்-இன் செய்யும் நாள்

செக்-இன் எப்போது திறக்கும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ராயல் கரீபியனில் புறப்படுவதற்கு 45 நாள் முன்பு திறக்கிறது. திறந்த அன்றே செய்வது நல்லது. ஏனென்றால் முனையத்துக்கு வரும் நேரத்தையும் அப்போதே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, முற்பகல் நேரங்கள் விரைவில் தீர்ந்துவிடுகின்றன. உட்காரும்போது குடும்பத்தார் அனைவரின் கடவுச்சீட்டுகள், கப்பல் கணக்கில் சேர்க்க வேண்டிய கடன் அட்டை, அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய ஒருவரின் எண் ஆகியவை பக்கத்தில் இருக்கட்டும். அந்த ஒருவர் உங்களுடன் கப்பலில் வராதவராக இருக்க வேண்டும். முகப் படத்தை வெள்ளைச் சுவரின் முன் நின்று, கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்தால் செயலி திருப்பி அனுப்பாது.

இவற்றுக்கு நடுவே ஒரு சிறிய கட்டம் வரும்: ‘பயண ஒப்பந்தத்தைப் படித்து ஏற்கிறேன்.’ பழைய சீட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் இப்போது இந்தக் கட்டத்துக்குள் போய்விட்டன. படிக்காமல் தொட்டுவிட்டு நகர்வதே எல்லாருக்கும் வழக்கம். காகிதக் காலத்திலும் யாரும் படித்ததில்லை; ஆனால் தேவைப்பட்டபோது எடுத்துப் பார்க்கப் புத்தகமாவது கையில் இருந்தது. அந்தப் பக்கங்களின் வலிமை என்ன என்பதை 1991-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு காட்டும். வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த தம்பதியர் உள்ளூர் முகவர் வழியாகக் கார்னிவல் நிறுவனக் கப்பலில் பதிவு செய்து பயணம் போனார்கள். மெக்சிகோ கடற்பகுதியில் மனைவி வழுக்கி விழுந்து காயமுற்றார். ஊர் திரும்பித் தம் மாநிலத்தில் வழக்குத் தொடர்ந்தபோது, வழக்குகளை ஃபுளோரிடாவில்தான் நடத்த வேண்டும் என்று சீட்டில் அச்சிடப்பட்டிருந்த நிபந்தனையை நிறுவனம் எடுத்துக் காட்டியது. பணம் கட்டிய பிறகே கைக்கு வந்த சீட்டில் இருந்த அந்த வரி அவர்களைக் கட்டுப்படுத்தும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் பயணங்களில் காயம் பற்றிய எழுத்து அறிவிப்புக்கு 6 மாதம், வழக்குத் தொடர ஓராண்டு என்று நிறுவனம் ஒப்பந்தத்திலேயே வரம்பு கட்டிக்கொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. எனவே கட்டத்தைத் தொடுவதற்கு முன் ஒப்பந்தத்தின் பிடிஎஃப் கோப்பை இறக்கி, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாவிட்டாலும், ரத்து செய்தால் பிடிக்கப்படும் தொகை, வழக்கு நடத்த வேண்டிய இடம், கால வரம்பு ஆகிய மூன்று பகுதிகளையாவது பார்த்துவிடுங்கள். மின்சீட்டுக்கு மாறுவதில் நாம் உண்மையில் இழந்தது இந்தப் பக்கங்களைத்தான் என்பது என் எண்ணம்.

கைபேசியில் ஒன்று, காகிதத்தில் ஒன்று

செக்-இன் முடிந்ததும் போர்டிங் பாஸ் செயலியில் தோன்றும். சில நிறுவனங்கள் கடவுச்சீட்டு விவரங்களைச் சரிபார்த்த பிறகே தருகின்றன. கிடைத்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும்; முனையத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நிற்கும்போது இணையம் இழுபறியாகிவிடும். குடும்பத்தார் அனைவரின் பாஸும் ஒரே கைபேசியில் இருந்தால் அந்தக் கைபேசியில் சார்ஜ் தீரும்போது எல்லாரும் சேர்ந்து நிற்க நேரிடும். மூத்தவர்களுக்கு அச்சிட்ட பிரதி ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

கட்டாயம் காகிதமாகவே இருக்க வேண்டியது பெட்டி அட்டை. இதையும் இப்போது வீட்டில் நாமே அச்சிட வேண்டும். ஏ4 தாளில், அளவைச் சுருக்காமல், முடிந்தால் வண்ணத்தில் அச்சிட்டு, கோடு காட்டும் இடங்களில் மடித்தால் உள்ளங்கை அகலப் பட்டையாக வரும். அதைப் பெட்டியின் கைப்பிடிக்குள் நுழைத்து இரு முனைகளையும் சேர்த்து ஸ்டேப்ளர் முள் அடிக்க வேண்டும். முள் பார்கோடின் மேல் விழக் கூடாது. வெறும் தாள் மழையிலும், பெட்டிகள் ஒன்றோடொன்று உரசும்போதும் கிழிந்துவிடும். ஆகவே அடிப்பதற்கு முன் இருபுறமும் அகலமான ஒட்டு நாடாவை ஒட்டிவிடலாம், அல்லது தெருமுனை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து துளையிட்டுக் கயிற்றால் கட்டலாம். பெட்டிக்குள்ளும் பெயரும் கேபின் எண்ணும் எழுதிய தாளை வைத்துவிடுங்கள். முனைய வாசலில் சுமைப் பணியாளரிடம் ஒப்படைத்த பெட்டி மாலையில்தான் கேபின் வாசலுக்கு வந்து சேரும் என்பதால் கடவுச்சீட்டும், மருந்தும், சார்ஜரும் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

நம் ஊரிலிருந்து போகிறவர்கள் அதிகம் கப்பல் ஏறும் சிங்கப்பூரில் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். கப்பல் அங்கிருந்து புறப்பட்டு அங்கேயே திரும்புவதால், இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களின் விசா ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். சிங்கப்பூரின் மின் வருகை அட்டையை நுழையும் ஒவ்வொரு முறையும், வருகை நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். நான்கு இரவுப் பயணம் என்றால் திரும்பி வருவதற்கான அட்டையைக் கப்பலிலோ இடைத் துறைமுகத்திலோதான் நிரப்ப முடியும். அது இலவசம், கட்டணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அன்று.

ஏறிய பிறகு

கப்பல் கரையை விட்டதும் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் கடல் ரோமிங் கட்டணம் ஏறும். இணையத் திட்டம் வாங்காதவர்களுக்கும் நிறுவனத்தின் செயலி கப்பல் வைஃபையில் இலவசமாகவே இயங்கும். பாதுகாப்புப் பயிற்சியையும் இப்போது பல கப்பல்களில் கைபேசியில் காணொளியாகப் பார்த்துவிட்டு, கேபின் அட்டையில் குறித்திருக்கும் கூடுமிடத்துக்கு (ஆபத்து நேர்ந்தால் பயணிகள் கூட வேண்டிய இடம்) நேரில் போய்ப் பதிவு செய்தால் போதும். 32 பேர் இறந்த 2012 கோஸ்டா கான்கார்டியா விபத்துக்குப் பின், இந்தப் பயிற்சி கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடந்தாக வேண்டும் என்பது 2015 முதல் பன்னாட்டு விதி. காணொளியோடு நிறுத்திக்கொண்டு கூடுமிடத்துக்குப் போகாதவர்களைப் பெயர் சொல்லித் தேடி வருவார்கள்.

இறங்குவதற்கு முந்தைய இரவு, கணக்கைச் செயலியில் திறந்து பார்த்துப் பிழை இருந்தால் அப்போதே வரவேற்பு மேசையில் சொல்லிவிட வேண்டும். கப்பலின் வைஃபையை விட்டு இறங்கிய பிறகு அந்தப் பக்கம் பல செயலிகளில் திறப்பதில்லை. அதே இரவு, இத்தனை மின்மயத்துக்குப் பிறகும், எண்ணோ வண்ணமோ அச்சிட்ட காகித அட்டைகள் கேபினுக்கு வரும். வீட்டில் ஒட்டு நாடா போட்டு அடித்த பழைய அட்டையைக் கத்தரித்து எடுத்துவிட்டு, அவற்றைப் பெட்டிகளில் கட்டிக் குறித்த நேரத்துக்குள் கதவுக்கு வெளியே வைத்துவிடுங்கள். மறுநாள் அணிய வேண்டிய உடையை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ள மறக்க வேண்டாம்.