கிராமத்துக் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுவது எப்படி? கழனியிலிருந்து தொடங்குங்கள்

ஆடி அமாவாசைக்கு மயிலாப்பூர்க் குளக்கரையில் தர்ப்பணம் கொடுக்க உட்கார்ந்தேன். ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். அப்பா, தாத்தா பெயரோடு நின்றுவிட்டேன். அம்மா வழியில் ஆயா பெயருக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எங்களுடையது வந்தவாசிப் பக்கம் பயிர் செய்த குடும்பம். அப்பா வேலைக்காகச் சென்னை வந்தவர். அன்று தொடங்கிய தேடலில் கற்றுக்கொண்ட வழியைப் புதிதாகத் தேடுபவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வயதானவர்களிடம் பேசுங்கள்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். பத்திரம் அடுத்த வருஷமும் இருக்கும், அத்தை இருப்பாரா தெரியாது. "உங்க தாத்தா பேர் என்ன?" என்று கேட்டால் ஒரு பெயரோடு பேச்சு முடிந்துவிடும். "எந்தக் கழனி யாரோடது? பாகம் பிரிச்சப்போ கிணறு யாருக்குப் போச்சு?" என்று கேளுங்கள். அண்ணன் தம்பி, சண்டை, சம்பந்தம் எல்லாம் வரிசையாக வரும். வயது சொல்லத் தெரியாதவர்களிடம் முதலமைச்சர் அண்ணா இறந்தபோது (1969) நடக்கிற குழந்தையா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையா என்று கேட்டால் ஓரளவு பிடிபடும்.

ஜாதகம் கிடைத்தால் நல்லது. ஆனால் தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது வருஷம் என்றால் 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம்.

பெயர் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் வரும். நான் இரண்டு பேரை ஒருவராக எழுதி, நடுவில் இருந்தவரைத் தொலைத்துவிட்டேன். அதைச் சரிசெய்ய ஆறு மாதம் ஆனது. காட்டிக்கொடுத்தது நிலம்தான்.

சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள்

பெயர் குழப்பும், கழனி இடம் மாறாது. வீட்டில் பழைய பட்டாவோ தீர்வை ரசீதோ இருந்தால் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பங்காளிகளிடம் கேளுங்கள். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் தெரிந்தால், நிலத்தின் அளவும் உடையவர் பெயரும் உள்ள 'அ' பதிவேட்டை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் (யூ.டி.ஆர்.) பல எண்கள் உட்பிரிவாகிவிட்டன. அதனால் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதி வையுங்கள்.

பழைய தாள்களில் பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் நிலவரிக் கணக்கு ஆண்டு) இருக்கும். அதோடு 590 கூட்டுங்கள். பசலி 1360 என்றால் 1950 ஜூலை முதல் 1951 ஜூன் வரை.

பத்திரங்களைப் படியுங்கள்

பதிவுத்துறை இணையதளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் (அந்த நிலத்துக்குப் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். மிகப் பழையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். கிடைக்கும் பத்திர எண்களில் பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் முதலில் அதற்கு நகல் கேளுங்கள். சொத்து யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எத்தனை மகன்கள் என்று அதிலேயே எழுதியிருக்கும். "இன்னார் குமாரர்" என்ற ஒரு சொல்லில் ஒரு தலைமுறை ஏறிவிடலாம். மாவட்டப் பெயரைப் பார்த்துக் குழம்பாதீர்கள். வந்தவாசி 1989 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது.

பெண்களைத் தேடுங்கள்

பழைய பாகப்பிரிவினையில் பெண் பிள்ளைகள் பெயர் பெரும்பாலும் இருக்காது. எனக்கு மனசு கனத்த இடம் இது. தமிழ்நாட்டில் 1989இல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகு சகோதரிகளிடம் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரங்களைத் தேடுங்கள். உரிமையை விட்டுக்கொடுத்த அந்தத் தாளில்தான் அவர்கள் பெயர், கணவர் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர் எல்லாம் இருக்கும்.

அடுத்தது மொய் நோட்டு. கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் சரி, தாய்மாமன் சீர் வரிசை எந்த ஊரிலிருந்து வந்தது என்று பாருங்கள். அதுதான் அந்த அம்மாவின் பிறந்த வீடு. என் ஆயா பிறந்த ஊரை நான் கண்டது, அம்மாவின் காதுகுத்து மொய் நோட்டில் ஐந்து ரூபாய்க்கு எதிரே எழுதியிருந்த ஊர்ப் பெயரில்.

எழும்பூருக்குப் போங்கள்

இதற்கும் மேலே போக வேண்டுமென்றால் எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1909இல் கட்டி முடித்த கட்டடம். ஆங்கிலேயர் காலத்தில் நிலத்துக்குத் தீர்வை நிர்ணயித்த செட்டில்மெண்ட் பதிவேடுகளும், வரியில்லாமலோ குறைந்த வரிக்கோ விட்ட நிலங்களின் இனாம் பதிவேடுகளும் அங்கே உள்ளன. கிராமம், தாலுகா, பழைய சர்வே எண் இல்லாமல் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். பட்டா இல்லாமல் கூலிக்கு உழைத்த குடும்பங்கள் இந்தப் பதிவேடுகளில் அதிகம் வராது. அவர்களுக்குப் பேச்சும் மொய் நோட்டும்தான் பெரிய துணை.

கடைசியாகக் குலதெய்வம் கோயில்

திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு கோயில் பொறுப்பில் இருப்பவரிடம் இருக்கும். பங்காளிகள் யார் யார் என்று அதில் தெரியும். நீங்கள் வரைந்த வம்சாவளியைப் பெரிய தாளில் எடுத்துக்கொண்டு பொங்கல் வைக்கும் நாளில் போங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அது எங்கே கிடைத்தது என்று எழுதியிருங்கள். தெரியாத இடத்தைக் காலியாக விடுங்கள். தாளை விரித்ததும் நாலு பேர் குனிந்து பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். அதனால் பென்சிலில் எழுதிக் கொண்டுபோங்கள்.