சென்னையில் சொந்த வீடு: குடிநீர், கழிவுநீர், மழைநீர் மூன்றிலும் உங்கள் பொறுப்பு எதுவரை?

சென்னையில் ஒரு வீட்டை வாங்குபவர், பத்திரத்தோடு சேர்த்து மூன்று நீர்வழிகளையும் தம் பெயருக்கு வாங்கிக்கொள்கிறார். தெருக்குழாயிலிருந்து சம்புக்கு, அதாவது தரைக்கடியில் உள்ள தொட்டிக்கு, வரும் குடிநீர் ஒன்று. கழிப்பறையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் பாதாளச் சாக்கடைக்குப் போகும் கழிவுநீர் மற்றொன்று. மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைநீர் மூன்றாவது. முதல் இரண்டையும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைப் பெருநகர் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியம், அதாவது நாம் எல்லோரும் மெட்ரோ வாட்டர் என்று அழைக்கும் வாரியம், கவனிக்கிறது. தெருவோர மழைநீர் வடிகாலோ பெரும்பாலும் மாநகராட்சியுடையது. சாக்கடை பொங்கும்போது மாநகராட்சிக்கும், மழைநீர் தேங்கும்போது மெட்ரோ வாட்டருக்கும் ஃபோன் செய்து அரை நாளை வீணாக்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குடிநீருக்கும் கழிவுநீருக்கும் 1916, மழைநீர் வடிகாலுக்கு 1913 என்று மின்சார மீட்டர் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டிவைப்பது நல்லது.

பொறுப்பின் எல்லையைக் காம்பவுண்டுச் சுவர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. சுவருக்குள் இருக்கும் குழாய், சம்ப், மேல்நிலைத் தொட்டி, சேம்பர்கள் (கழிவுநீர்க் குழாயின் வழியில் மூடியோடு இருக்கும் சிறு தொட்டிகள்), மழைநீர்க் குழி ஆகிய அனைத்தையும் பழுதுபார்ப்பது உரிமையாளரின் செலவு. சுவருக்கு வெளியே கசிவோ அடைப்போ இருந்தால் உங்கள் வார்டுக்குரிய டிப்போவில், அதாவது மெட்ரோ வாட்டரின் உள்ளூர் அலுவலகத்தில், புகார் பதிவுசெய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டுக்கு வரும் குழாய்தானே என்று தெருவை நீங்களே தோண்டுவதற்கு அனுமதி இல்லை. சாலையை வெட்டுவதற்கு மாநகராட்சியின் அனுமதியும் அதற்குரிய கட்டணமும் தேவை.

கழிவுநீரில்தான் இந்த எல்லைத் தகராறு அதிகம் வருகிறது. கீழ்த்தளக் குளியலறையில் தண்ணீர் இறங்கவில்லை என்றதும் அடைப்பு தெருவில் என்று நாமும், உங்கள் வீட்டில் என்று டிப்போவிலிருந்து வருகிறவரும் சொல்வது வழக்கம். இதற்குத் தீர்ப்புச் சொல்லும் சாட்சி ஒன்று வாசலிலேயே இருக்கிறது. கேட்டை ஒட்டி உள்பக்கமாக இருக்கும் கடைசிச் சேம்பரின் மூடியை நெம்பித் திறந்து, கொஞ்ச நேரம் காற்றாட விட்டுவிட்டு, ஓரமாக நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். சேம்பர் விளிம்புவரை நிரம்பிக் கறுத்த நீர் அசையாமல் நின்றால் அடைப்பு பெரும்பாலும் தெருப்பக்கம் இருக்கிறது. ஒரு படம் எடுத்துக்கொண்டு 1916-க்குச் சொல்லலாம். சேம்பர் காலியாக, அடியில் உள்ள வாய்க்கால் மட்டும் ஈரமாகத் தெரிந்து, குளியலறையில் மட்டும் நீர் நிற்குமானால் அடைப்பு உங்களுடையது, பிளம்பரைக் கூப்பிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தலைமுடியும் சானிட்டரி நாப்கினும்தான் பெரும்பாலான அடைப்புகளின் உள்ளடக்கம் என்பதை, ஒரு முறை மூங்கில் பிளாச்சு போட்டு எடுப்பதை அருகில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

சேம்பருக்குள்ளோ செப்டிக் தொட்டிக்குள்ளோ எந்த மனிதரையும் இறக்கக்கூடாது. மனிதக் கழிவுகளைக் கையால் அகற்றும் பணியில் ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பின்றி ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் தொட்டியிலோ இறக்குவது குற்றம். முதல் முறையே 2 ஆண்டுவரை சிறையோ 2 லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். அவரே ஐந்நூறு ரூபாய்க்கு வருகிறேன் என்றார் என்பது பதிலாகாது. மூடிக்கிடக்கும் தொட்டியில் சேரும் விஷவாயு ஆளை மயங்கி விழவைக்கச் சில நொடிகள் போதும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவதுதான் அடிக்கடி நடக்கிறது. 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த பகுதிகளில் பாதாளச் சாக்கடை இன்னும் எட்டாத தெருக்களில் இருப்பவர்கள், தொட்டியை உரிமம் பெற்ற லாரியைக் கொண்டு மட்டுமே உறிஞ்சியெடுக்கச் செய்து, ரசீதையும் வாங்கிவைக்க வேண்டும்.

குடிநீர் விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, தெருக்குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சுவது. இது விதிமீறல் என்பதோடு, அதன் தண்டனையை நாமே குடிக்கவும் நேர்கிறது. சென்னையின் பல தெருக்களில் குழாயில் எந்நேரமும் தண்ணீர் ஓடுவதில்லை; நீர் வராத வேளையில் மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, பழைய இணைப்புகளின் விரிசல் வழியாகச் சுற்றியுள்ள மண்ணின் ஈரத்தை, அருகில் சாக்கடைக் கசிவு இருந்தால் அதையும், உள்ளே இழுத்துவிடுகிறது. தண்ணீர் தானாக வந்து சம்பில் விழ வேண்டும், மோட்டார் சம்பிலிருந்துதான் இழுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின் காரணம் இதுதான்.

குழாய்நீரில் சாக்கடை நாற்றம் அடித்தால், முதலில் அண்டை வீட்டாரிடம் கேளுங்கள். நாலைந்து வீட்டிலும் அதே நாற்றம் என்றால் கோளாறு தெருக்குழாயில். உங்கள் வீட்டில் மட்டும் என்றால் உங்கள் இணைப்புக் குழாயிலோ சம்பிலோ தேட வேண்டும். பழைய வீடுகளில் சம்பும் சேம்பரும் இரண்டடி இடைவெளியில் இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். சம்பில் விரிசல் உண்டா என்று அறிய, இரவு படுக்கும் முன் வால்வை மூடி, நீர்மட்டத்தைச் சுவரில் சாக்கட்டியால் கோடிட்டுவிட்டு, மோட்டாரைப் போடாமல் விடியற்காலையில் பாருங்கள். கோட்டுக்குக் கீழே மட்டம் இறங்கியிருந்தால் நீர் வெளியே போகிறது. நல்ல நீர் வெளியே போகும் வழியாகவே, மழைக்காலத்தில் கெட்ட நீர் உள்ளே வரும். கசிவை அடைத்து, சம்பைக் கழுவி, டிப்போ ஊழியரிடம் குளோரின் அளவைச் சோதித்துத் தரக் கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும்.

புதிதாக ஆழ்துளைக் கிணறு போடுவதற்கும் 1987-ஆம் ஆண்டு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டப்படி முன் அனுமதி வேண்டும். இதை ரிக் வண்டி வாசலில் வந்து நின்ற பிறகு நினைத்துப் பயனில்லை.

மழைநீருக்கு வருவோம். மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் தமிழகத்தின் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. அன்று அவசரமாக வெட்டிய குழிகளில் பல இன்று மண் மூடி, மேலே துளசிமாடமோ பைக் நிறுத்துமிடமோ ஆகிவிட்டன. கணக்கைப் பார்த்தால் இந்த அலட்சியம் வருத்தம் தரும்: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெறும் சென்னையில் 100 சதுர மீட்டர் மாடியில் விழுவது ஏறத்தாழ 1,40,000 லிட்டர். வீட்டில் பழைய திறந்த கிணறு இருந்தால், கூழாங்கல்லும் மணலும் இட்ட வடிகட்டியின் வழியாக மாடிநீரை அதில் விடுவதே என் பார்வையில் சிறந்த வழி.

மாடிக் குழாயைக் கழிவுநீர்ச் சேம்பரில் இணைப்பது மட்டும் கூடவே கூடாது. எங்கள் வீட்டில் இதைச் செய்திருந்தார்கள் என்பது 2015 டிசம்பர் மழையில்தான் தெரிந்தது. கீழ்த்தளக் கழிப்பறையிலிருந்து கறுப்பு நீர் பொங்கியபோது தெருவை நொந்துகொண்டே நின்றோம். சேம்பரைத் திறந்தபோது, மாடியிலிருந்து வரும் குழாய் அருவியாக அதற்குள் கொட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ வந்த பிளம்பர், குழிவரை குழாய் நீட்டச் சோம்பிச் செய்த வேலை அது. பாதாளச் சாக்கடை வீட்டுக் கழிவின் அளவுக்கென்று போடப்பட்டது; மழையைத் தாங்காது. தாழ்வான வீடுகளில் கடைசிச் சேம்பருக்கு முன்பு நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று பொருத்திக்கொண்டால் தெருவிலிருந்து எதிர்த்து வரும் நீரைத் தடுக்கலாம். ஆனால் நம் மாடிநீரே உள்ளே விழுந்தால் அந்த வால்வால் பயனில்லை.

இதற்கு நேர்மாறான குற்றம், கழிவுநீரை மழைநீர் வடிகாலில் விடுவது. வடிகாலின் மறுமுனையில் சுத்திகரிப்பு நிலையம் இல்லை. கூவமோ அடையாறோ பக்கிங்ஹாம் கால்வாயோதான் இருக்கிறது. கண்டுபிடித்தால் இணைப்பைத் துண்டித்து அபராதமும் விதிப்பார்கள். கார் ஏறுவதற்காக வாசலில் போடும் சிமெண்ட் சாய்தளம் வடிகாலின் நீர்நுழை துளையை மூடாமல் பார்த்துக்கொள்வதும் உரிமையாளரின் வேலையே. ஒரு தெருவில் இப்படிப் பத்துத் துளைகள் மூடப்பட்டால், வடிகால் உள்ளே காலியாக இருக்க, வெளியே முழங்கால் அளவு நீர் நிற்கும்.

பணவிஷயத்தில் வரியும் கட்டணமும் வெவ்வேறு. வீட்டின் ஆண்டு மதிப்பை வைத்து அரையாண்டுதோறும் குடிநீர், கழிவுநீர் வரி விதிக்கப்படுகிறது. இணைப்பு இருந்தால் கட்டணம் தனி. பழைய வீட்டை வாங்குவோர் கடைசி ரசீதைக் கேட்டு வாங்கி, சொத்துவரியில் பெயர் மாற்றிய கையோடு மெட்ரோ வாட்டர் கணக்கிலும் மாற்றிவிட வேண்டும். வாடகைக்கு விடுவோர், 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்க்கலாம். குழாய்களை மாற்றுவது உரிமையாளர் மீதும், டேப் வாஷர் மாற்றுவதும் வடிகால் அடைப்பு எடுப்பதும் வாடகைதாரர் மீதும் அதில் வைக்கப்பட்டுள்ளன.

உங்கள் மாடிக் குழாய் எங்கே போகிறது என்று தெரியவில்லையென்றால், ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு வெயில் நாளில் வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தாராளமாகக் கலந்து மாடிக் குழாயில் ஊற்றச் சொல்லிவிட்டு, நீங்கள் கீழே கடைசிச் சேம்பரைத் திறந்து வைத்துக்கொண்டு நில்லுங்கள். நீலம் சேம்பரில் தெரிந்தால் அந்த வாரமே பிளம்பரை வரவழைத்து, குழாயைக் கிணற்றுக்கோ குழிக்கோ திருப்பிவிடுங்கள்.