தாத்தா வீட்டு லெட்டர் பெட்டி: குன்னூர் ஈரத்துல இருந்து காப்பாத்தறது எப்படி

ஐப்பசி மழை பிடிச்சுச்சுன்னா எங்க வீட்ல பீரோக்குள்ள இருக்கற துணியே பூசணம் பூத்துடும், பேப்பர் எம்மாத்திரம். குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கறவங்களுக்கு இத சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதனால முதல்லயே சொல்லிடறேன், தாத்தா பாட்டி வெச்சிட்டுப் போன லெட்டர் பெட்டி வீட்ல இருந்தா மழைக்காலத்துல திறக்காதீங்க, தை மாசி வரைக்கும் பொறுங்க, காலையில பனி விலகி பத்தரை மணிக்கு மேல காத்து நல்லா காஞ்சிருக்கும் பாருங்க, அப்ப திறங்க.

லெட்டருக்குப் போய் இவ்ளோ மெனக்கெடணுமான்னு கேட்டா, ஆமா, நம்ம ஊர்ல கண்டிப்பா மெனக்கெடணும். சிம்ஸ் பார்க் பக்கத்துல பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907ல இருந்து இருக்கு, வெறிநாய்க்கடிக்கு மருந்து செஞ்ச இடம். ராபர்ட் மெக்கரிசன் சத்துக்குறைவால வர்ற நோய்கள ஆராய்ஞ்சதும் இதே குன்னூர்லதான், அந்த வேலையில இருந்து வளந்த லேப்தான் 1958ல ஹைதராபாத்துக்கு மாறிப்போய் இன்னிக்கு தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா இருக்கு. பெரிய டாக்டர்கள் பேரு புஸ்தகத்துல வந்துடும். கூண்டு கழுவினவங்க, டைப் அடிச்சவங்க, ஊசி மருந்து பேக் பண்ணவங்க, இவங்க எழுதினது எங்க இருக்கு? ட்ரங்க் பெட்டியிலதான் இருக்கு. எங்க தாத்தாவும் ஒரு லேப்ல அட்டெண்டர், கூட வேலை பாத்து ஹைதராபாத் போனவர் அவருக்கு எழுதின லெட்டர் மட்டும் நாப்பதுக்கு மேல எங்ககிட்ட இருக்கு.

சொந்த லெட்டர் எப்படி ஆராய்ச்சி வரலாறாகும்னு எனக்குப் புரிய வெச்சது மஞ்சக் காய்ச்சல் கதை. நம்ம ஊர் மஞ்சக்காமாலையோட இத குழப்பிக்காதீங்க, இது ஈடிஸ் கொசு பரப்பற வைரஸ், கல்லீரல தாக்கி உடம்பு மஞ்சளாகறதால அந்தப் பேரு, நம்ம நாட்ல இந்த நோய் கிடையாது ஆனா அந்தக் கொசு எக்கச்சக்கமா இருக்கு, அதுக்குத்தான் ஆப்பிரிக்கா போய்ட்டு வர்றவங்ககிட்ட ஊசி போட்ட மஞ்ச அட்டை எங்கன்னு கேக்கறாங்க. கொசுதான் காரணம்னு கார்லோஸ் ஃபின்லேன்னு ஒரு கியூபா டாக்டர் 1881லயே சொல்லிட்டார், பெரிசா யாரும் காதுல போட்டுக்கல. 1900ல அமெரிக்க ராணுவம் வால்டர் ரீட் தலைமையில நாலு டாக்டர் இருந்த ஒரு குழுவ கியூபாவுல போட்டுச்சு. அதுல ஜெஸ்ஸி லாசியர், வயசு 34. செப்டம்பர் 8ஆம் தேதி அமெரிக்காவுல இருந்த மனைவிக்கு ஒரு லெட்டர் எழுதறார், உண்மையான கிருமிய நெருங்கிட்டேன்னு தோணுது, ஆனா இப்போதைக்கு யாருக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு. 25ஆம் தேதி அதே காய்ச்சல்ல செத்துப் போறார், புதுசா பொறந்த குழந்தை முகத்தக் கூட பாக்காம. ஒரு மனுஷன் மனைவிகிட்ட மட்டும் சொன்ன அந்த வரி எந்த அறிக்கையில வரும் சொல்லுங்க.

அந்த லெட்டரெல்லாம் சேத்து வெச்சவர் ஃபிலிப் ஹென்ச், மூட்டுவலி டாக்டர், கார்ட்டிசோனுக்காக 1950ல நோபல் வாங்கினவர். மஞ்சக் காய்ச்சல் அவர் துறையே இல்ல. சோதனைக்கு உடம்பக் கொடுத்த மோரன், கிஸ்ஸிங்கர் ரெண்டு பேரும் அப்ப உயிரோட இருந்தாங்க, அவங்களுக்கு எழுதி எழுதி கேட்டார், செத்துப் போனவங்க குடும்பங்களத் தேடிப் போனார், வருஷக்கணக்கா. 1965ல அவர் போனப்புறம் அவர் மனைவி எல்லாத்தையும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துட்டாங்க. அதுல ஒரு தாள் இருக்கு, 1900 நவம்பர்ல அன்டோனியோ பெனிக்னோன்னு ஒருத்தர்கிட்ட வாங்கின சம்மதப் பத்திரம், சோதனைக்கு 100 டாலர், நோய் வந்தா இன்னொரு 100. நோயாளி சம்மதம் பத்திப் பேசறவங்க இன்னிக்கும் அந்தத் தாளக் காட்டறாங்க. அதனால ரசீது, மணியார்டர் கூப்பன், துண்டுச் சீட்டு எதையும் குப்பைன்னு ஒதுக்காதீங்க.

சரி, பெட்டிக்கு வருவோம். டேபிள் மேல பழைய வேட்டிய துவைச்சு விரிங்க, கைய சோப்பு போட்டுக் கழுவி நல்லா ஈரம் போகத் துடைங்க, கிளவுஸ் வேண்டாம், கிளவுஸ் போட்டா பேப்பர் ஓரம் கைக்குத் தெரியாம கிழிஞ்சுடும். எதையும் எடுக்கறதுக்கு முன்னாடி மூடியத் திறந்த நிலையிலயே ஒரு போட்டோ, ஒவ்வொரு கட்டு எடுக்கறப்பவும் ஒரு போட்டோ. எந்த வரிசையில இருந்துச்சோ அதே வரிசையில வெளிய வைங்க. நான் முதல் நாளே ஆள் வாரியா பிரிச்சுட்டேன், ஒரு லெட்டருக்குள்ள மடிச்சிருந்த பதினஞ்சு ரூபா மணியார்டர் கூப்பன் தனியா விழுந்துடுச்சு, அது யாரு யாருக்கு அனுப்புனதுன்னு இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல.

குண்டூசி, ரப்பர் பேண்ட், ஜெம் கிளிப் மூணையும் கழட்டணும், இங்க இருக்கற ஈரத்துக்கு குண்டூசி துரு புடிச்சு பேப்பர்ல ஓட்டையே போட்டிருக்கும். பிடிச்சு இழுக்காதீங்க, கீழ ஒரு கெட்டி அட்டைய சொருகி பேப்பர அசைக்காம ஊசிய மட்டும் மெதுவா நகத்துங்க. ஒட்டிக்கிட்ட தாள்கள பிரிக்காதீங்க, அத அப்படியே விட்டுடுங்க, பேப்பர் பழுது பாக்கத் தெரிஞ்சவங்க கைல போகட்டும்.

இன்லேண்ட் லெட்டர்ல எழுத இடம் பத்தலன்னா நம்ம ஆளுங்க மடிப்பு ஓரத்துலயும் சுத்தி எழுதுவாங்க இல்லையா, எங்க பெட்டியில ஒண்ணுல இடது ஓர மடிப்புல பொடி எழுத்துல "இங்கே வெயில் தாங்கவில்லை, பனி இறங்கிவிட்டதா எழுதவும்"னு இருக்கு. படிச்சுட்டு அவசரத்துல மூடிட்டா அந்த வரி காணாமலே போயிடும், அதனால எல்லா மடிப்பையும் திறந்து பாருங்க. கவரும் லெட்டரும் சேந்தே இருக்கட்டும், உள்ள தேதி போடாதவங்க நிறைய பேர், தபால் முத்திரைதான் ஒரே தேதி. எங்க சித்தப்பா சின்ன வயசுல ஸ்டாம்ப் சேக்கறேன்னு பதினோரு கவர்ல கத்தரி வெச்சுட்டாரு, அந்தப் பதினோரு லெட்டருக்கும் இன்னிக்கு வருஷமே தெரியல.

லேமினேஷன் பண்ணவே கூடாது. நல்லா இருக்கட்டும்னு எங்க வீட்ல ஒரு லெட்டர ஒரு கடையில கொடுத்து லேமினேட் பண்ணாங்க, உள்ள இருந்த ஈரம் உள்ளயே மாட்டி மூணே வருஷத்துல பழுப்பு படிஞ்சுடுச்சு, இனி அத பிரிக்கவும் வழியில்ல, அத பாக்கறப்பல்லாம் வயிறு எரியுது. செலோடேப்பும் அப்படித்தான், பசை மஞ்சளாகி எழுத்த தின்னுடும்.

பூசணம் புடிச்சிருந்தா அத மட்டும் தனியா ஒரு பேப்பர் கவர்ல போட்டு மத்தத விட்டுத் தள்ளி வைங்க. தொட்டா பிசுபிசுன்னு இருந்தா இன்னும் உயிரோட இருக்கு, நிழல்ல ஃபேன் காத்துல முழுசா காயட்டும். பொடியா ஆனப்புறம் மாஸ்க் போட்டுக்கிட்டு வெளிய வராந்தாவுல நின்னு மெத்து பிரஷ்ஷால உங்கள விட்டு எதிர்ப்பக்கமா தள்ளி விடுங்க. நேர் வெயில்ல காய வெச்சா இங்க் வெளுத்துடும்.

திரும்ப வைக்கறதுக்கு ஆசிட் இல்லாத காகித உறை கிடைச்சா நல்லது, அத அட்டைப் பெட்டியில போட்டு உள்சுவர் ஓரமா தரையில இருந்து உசரத்துல வைங்க, மழை அடிக்கற சுவர்ப் பக்கம் வேண்டாம், கணப்பு பக்கத்துலயும் வேண்டாம். ஈரப்பதம் காட்டற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி உள்ள போடுங்க, 50 சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதி, 65 தாண்டுச்சுன்னா பூசணத்துக்கு கொண்டாட்டம். சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்டா கலர் மாறுனதும் மாத்தணும், மழைக்காலத்துல அடிக்கடி பாக்கணும். அந்துருண்டை, வேப்பிலை ரெண்டும் போடாதீங்க.

போட்டோ எடுக்க போனே போதும், ஜன்னல் வெளிச்சம், ஃபிளாஷ் இல்லாம, முன்பக்கம் பின்பக்கம் கவர் எல்லாம். பைலுக்கு பேரு வைக்கறப்ப வருஷம் மாசம் தேதின்னு ஆரம்பிச்சா தானா வரிசையா வந்து நிக்கும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா தரம் குறையும், டாக்குமெண்டா அனுப்புங்க. டைப் பண்றப்ப எழுத்துப்பிழைய திருத்தாதீங்க, அவர் "ஆஸ்பத்ரி"ன்னு எழுதியிருந்தா அப்படியே.

இதுக்கெல்லாம் நடுவுல செய்ய வேண்டியது, தள்ளிப் போடவே கூடாதது, ஹென்ச் செஞ்ச வேலை. இருக்கறவங்கள கேளுங்க. நான் ஒரு நாள் லெட்டர எடுத்துட்டுப் போய் "அத்தை, இது யாரு கையெழுத்து?"ன்னு கேட்டேன், அத்தை கண்ணாடி கூட போடாம "இது நம்ம டிரைவர் மாமா எழுத்துடி, ர-வ பாரு வால் நீட்டியிருக்கும், அவருக்கு லேப்ல விரல கடிச்சிடுச்சு, பதினாலு ஊசி போட்டாங்க"ன்னுச்சு. அது எந்தத் தாள்லயும் இல்ல. போன்ல ரெக்கார்டு பண்ணிட்டு, யார் சொன்னாங்க எந்தத் தேதின்னு தனித் தாள்ல பென்சில்ல எழுதி அந்த லெட்டரோட வைங்க, லெட்டர் மேல எதுவும் எழுத வேண்டாம்.

யாருக்காவது கொடுக்கற மாதிரி இருந்தா எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு, அறிவியல் சம்பந்தமானதுன்னா பெங்களூர்ல என்சிபிஎஸ்ங்கற உயிரியல் ஆராய்ச்சி மையத்தோட ஆவணக் காப்பகம் இருக்கு, முதல்ல லெட்டர் போட்டு வாங்கிப்பாங்களான்னு கேளுங்க. பேப்பர் உங்களோடதா இருந்தாலும் அதுல எழுதியிருக்கறதோட உரிமை எழுதினவர் வாரிசுக்கு, அவர் இருந்தவரைக்கும் வெளிவராத எழுத்துன்னா முதல்ல வெளியாகி 60 வருஷம் வரைக்கும், அதனால வெளியிடறதுக்கு முன்னாடி அவங்க வீட்லயும் ஒரு வார்த்தை கேக்கணும். நோயாளிங்க பேரு வர்ற லெட்டர தனிக் கட்டா கட்டி எத்தன வருஷம் திறக்கக்கூடாதுன்னு எழுதிக் கொடுங்க. கொடுக்கறப்ப எத்தன லெட்டர், எத்தன கவர்னு எண்ணி ரெண்டு காப்பி லிஸ்ட் போட்டு கையெழுத்து வாங்கிக்கோங்க, ஒண்ணு அவங்களுக்கு, ஒண்ணு அந்தப் பழைய ட்ரங்க் பெட்டிக்குள்ள.