இரண்டாவது சனிக்கிழமைக்கும் தொண்டர் வருவதற்கு

கொழும்பில் ஓர் அமைப்புக்குத் தொண்டர்களைச் சேர்ப்பது அவ்வளவு கடினமில்லை. ஒருமுறை வந்தவரை மறுமுறையும் வரவைப்பதே கடினம். ஆகவே, ‘தொண்டர்கள் தேவை’ என்ற அறிவித்தலை வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புவதற்கு முன், வருபவர் என்ன செய்யப்போகிறார் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பிள்ளைகளுக்குப் படிப்பித்தல்’ என்று எழுதினால் போதாது. ‘சனிக்கிழமை காலை 9 மணி முதல் 11 மணி வரை, கொட்டாஞ்சேனையில், தரம் 4 பிள்ளைகள் ஐவருக்குத் தமிழ் வாசிப்பு, மூன்று மாதங்கள், பஸ் கட்டணம் தரப்படும்’ என்று எழுதினால், வர முடியாதவர் அன்றே சொல்லிவிடுவார்.

2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்துக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் நீரில் மூழ்கியபோது, நான் உதவிய ஓர் அமைப்பு உலர் உணவுப் பொதி கட்டுவதற்கு ஆட்களை அழைத்தது. காலையிலேயே மண்டபம் நிறைந்துவிட்டது. அரிசி லொறியோ பிற்பகலில்தான் வந்தது. அதுவரை சுவரோரம் நின்று தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் மறுநாள் வரவில்லை, மறுநாள்தான் கைகள் போதாமற்போயின. அவர்களைக் குறைசொல்ல வழியில்லை. நேர ஒழுங்கைப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

ஆட்களைத் தேடும்போது, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மாணவர்களை முதலில் நினைப்போம். அவர்களிடம் நேரமும் உற்சாகமும் உண்டு, ஆனால் அனுமதி கிடைத்ததும் போய்விடுவார்கள் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் வங்கி அலுவலர்களையும் நாம் போதுமான அளவு கேட்பதில்லை என்பது என் எண்ணம். கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகத்தினர் மூலம் நேரில் போய்க் கேட்டால், துண்டுப்பிரசுரம் நூறு கொடுத்ததைவிடப் பலன் அதிகம்.

கொழும்புக்கே உரிய ஒரு சிக்கலை இங்கே சொல்லவேண்டும். தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசும் தொண்டர் ஒருவர் கிடைத்தால், அரச அலுவலகப் படிவம் நிரப்புவதிலிருந்து வைத்தியசாலைக்குத் துணையாகப் போவது வரை எல்லாவற்றையும் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம். ‘தங்கச்சி, ஒரு நிமிஷம் இதைக் கேட்டுச் சொல்லுங்கோ’ என்று தொடங்கும் அந்த ஒரு நிமிடம் அரை நாளாகிவிடும். இரண்டு மாதத்தில் அவர் தொலைபேசியை எடுக்கவே மாட்டார். மொழிபெயர்ப்பையும் ஒரு வேலையாகவே எழுதி, அதற்குரிய நேரத்தைக் குறித்து, முடிந்தால் இருவரிடையே பகிர்ந்துவிடுங்கள்.

பிள்ளைகளோடு பழகும் பணியென்றால் கூச்சப்படாமல் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழையும் பொலிஸ் நற்சான்றிதழையும் கேளுங்கள். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனித்திருக்கக்கூடாது என்ற விதி, அமைப்பின் தலைவர் உட்பட எல்லாருக்கும் பொதுவானது. சந்தேகம் ஏதும் எழுந்தால் அழைக்கவேண்டிய 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்தைச் சுவரில் ஒட்டிவையுங்கள். தொண்டர்களின் அடையாள அட்டைப் பிரதிகளை ஒரு பூட்டிய இடத்தில் வைத்திருங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அவற்றை வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் அமைப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி அன்றாட நிர்வாகம். தொண்டர்களுக்கு ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். இரண்டு அக்காமாரும் ஓர் ஐயாவும் வெவ்வேறு கட்டளை கொடுத்தால் புதியவர் குழம்பிப்போவார். அந்தப் பொறுப்பாளர் வியாழன் மாலையில் ஒவ்வொருவரையும் அழைத்து ‘சனிக்கிழமை வருவீங்களா?’ என்று கேட்டால், வராதவருக்குப் பதில் ஆள் பார்க்க ஒரு முழு நாள் கிடைக்கும். பஸ் கட்டணத்தை மாதக்கடைசிவரை இழுக்காமல் அன்றே கையில் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் மாணவர்கள் அதைக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

வேலை முடிந்ததும் பிளேன்டீ குடிக்கும் பத்து நிமிடத்தில், இன்று எது சரிவரவில்லை என்று தொண்டரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் முன்னிலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த சனிக்கிழமை அவர் வரும்போது, அவர் சொன்ன உடைந்த நாற்காலி மாற்றப்பட்டிருக்க வேண்டும்.